சத்தமில்லாத வண்டியில் பிள்ளையோடு போகிறவர்களுக்கு

பல வருஷம் பெட்ரோல் ஸ்கூட்டர் ஓட்டிய கைக்கு மின் ஸ்கூட்டர் ஒன்றும் புதிதில்லை என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். ஷோரூமிலும் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்கள்: கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது, முறுக்கினால் போகும். ஆனால் பெட்ரோல் வண்டி நாம் கேட்காமலே சில காவல் வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. வண்டி ஆனில் இருக்கிறது என்பதை இன்ஜின் சத்தம் சொல்லிக்கொண்டே இருக்கும். அதே சத்தம் ரோட்டைக் கடக்கிற பெரியவருக்கும் கேட்கும். பெட்ரோல் போடப் போன சாக்கில் டயருக்குக் காற்று அடித்துவிடுவோம். ஆக்சிலரேட்டரை விட்டால் வேகம் பதமாகத்தான் குறையும். மின் ஸ்கூட்டரில் இந்த நான்கும் இல்லை. அதையெல்லாம் நம் பழக்கத்தால்தான் ஈடுகட்ட வேண்டும். இதை யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால், 2023 நவம்பரில் என் மகன் கையில் மாவுக்கட்டு ஏறியிருக்காது. அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வடபழனியிலிருந்து போரூர் போகிற ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்த சமயம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. எட்டு வயது மகன் பின்னால் உட்கார்ந்திருந்தான். தோண்டிய இடத்தின் மேல் இரும்புத் தகடு போட்டிருந்தார்கள்; அதன் மேல் லாரி டயர்கள் இழுத்து வந்த சேறு ஒரு படலமாகப் படிந்து, தெருவிளக்கில் மினுமினுத்தது. வேகம் முப்பதுக்குள்தான் இருக்கும். தகட்டின் மேல் ஏறும்போது ஆக்சிலரேட்டரை விட்டேன், அவ்வளவுதான். பிரேக்கைத் தொடவே இல்லை. பின்சக்கரம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், வண்டி இடது பக்கம் சாய்ந்தது. விழும்போது கையை ஊன்றிய பிள்ளைக்கு மணிக்கட்டில் எலும்பு விரிசல். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. பின்னால் வந்த ஆட்டோக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி மற்ற வண்டிகளைத் தடுத்தார். அவர் மட்டும் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

பிரேக்கைத் தொடாமலே எப்படி வழுக்கியது என்பதுதான் எனக்கு முதலில் புரியவில்லை. விஷயம் இதுதான். பல மின் ஸ்கூட்டர்களில் ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிவிடும். சக்கரத்தின் ஓட்டத்திலிருந்து மின்சாரம் எடுத்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். இதைத்தான் ரீஜென் என்கிறார்கள். அப்படி எடுக்கும்போது பின்சக்கரம் பின்னுக்கு இழுபடும். அதாவது நாம் பிடிக்காமலே பின்பிரேக் பிடித்த கணக்கு. காய்ந்த தார் ரோட்டில் இது சௌகரியம். ஈரமான இரும்புத் தகடு, மேன்ஹோல் மூடி, ரோட்டில் அடித்த வெள்ளைப் பெயின்ட், ஈசிஆர் ஓரத்து மணல், இவற்றின் மேல் டயருக்குப் பிடிப்பு மிகக் குறைவு. அந்த இழுப்பே பின்சக்கரத்தை வழுக்கவைக்கப் போதும். அதனால் தகடோ பெயின்ட் பட்டையோ வருவதற்கு முன்பே, நல்ல ரோட்டில் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். அதன் மேல் போகும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடவும் கூடாது, கூட்டவும் கூடாது. லேசாக ஒரே நிலையில் பிடித்து, ஹேண்டில்பாரை நேராக வைத்துக் கடந்துவிடுங்கள். திரும்ப வேண்டுமானால் கடந்த பிறகு திரும்பலாம். உங்கள் மாடலில் ரீஜென் அளவைக் குறைக்கும் வசதி இருந்தால் மழைக்காலம் முழுக்கக் குறைவாகவே வைத்திருங்கள்; ஈகோ மோடில், அதாவது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மென்மையான நிலையில் ஓட்டினால் முதல் இழுப்பும் முரட்டுத்தனமாக இருக்காது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருக்கும்போது எடுத்த மின்சாரத்தை வைக்க இடமில்லை என்பதால் பல மாடல்களில் ரீஜென் குறைந்துவிடும், அல்லது வேலையே செய்யாது. இரவெல்லாம் சார்ஜ் போட்டுக் காலையில் கிளம்பினால், முதல் சிக்னலில் நேற்று நின்ற இடத்தில் வண்டி நிற்காது. கை ரீஜெனுக்குப் பழகிப்போனவர்கள் இங்கேதான் முன்னால் போகிற காரின் பின்னால் இடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆளில்லாத தெருவில் ஒரு பயிற்சி செய்து பாருங்கள்: மணிக்கு 20 கிலோமீட்டரில் போய் ஆக்சிலரேட்டரை முழுதும் விட்டு, எவ்வளவு தூரத்தில் வேகம் குறைகிறது என்று பாருங்கள். முழு சார்ஜில் ஒருமுறை, பாதி சார்ஜில் ஒருமுறை, பின்னால் ஆளை ஏற்றி ஒருமுறை. பிறகு பிரேக். சின்ன ஸ்கூட்டர்களில் கம்பைன்ட் பிரேக் இருப்பதால் இடது லீவரைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும்; வலது லீவர் முன்சக்கரத்துக்கு மட்டும். ஈரத்தில் வலது லீவரை மட்டும் சட்டென்று பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும், அதைத் தடுத்து நிறுத்த யாராலும் முடியாது. இடதை முதலில், வலதைக் கொஞ்சம் கொஞ்சமாக.

பெரும்பாலும் ரீஜெனிலேயே வேகம் குறைந்துவிடுவதால் பிரேக் பேடு அதிகம் தேயாது என்று பெருமையாகச் சொல்வார்கள். அதனாலேயே பேடு மேற்பரப்பு வழவழப்பாகி, டிஸ்க்கில் துருப்படலம் கட்டி, அவசரத்துக்குப் பிடிக்கும்போது பிடிப்பு குறைவதும் உண்டு. சென்னையின் உப்புக் காற்றில், திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் வண்டி நிற்கிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். வாரத்தில் சில தடவையாவது லீவரைப் பிடித்தே நிறுத்துங்கள். டயர் காற்றும் அப்படித்தான். பெட்ரோல் பங்குக்குப் போகிற வேலையே இல்லாததால் மாதக்கணக்கில் காற்றைப் பார்ப்பதில்லை. வாரம் ஒருமுறை, டயர் சூடாகும் முன், வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கிற அளவுக்குக் காற்று அடியுங்கள். தனியாகப் போவதற்கும் பின்னால் ஆள் ஏற்றுவதற்கும் பின்டயர் அளவு பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். பிள்ளையோடு போகிறவர்கள் அதிகமுள்ள அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

விழுந்த அன்று மருத்துவமனையில் எக்ஸ்ரே, மாவுக்கட்டு, மருந்து எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே ஆனது. கையோடு பணம் இருந்ததால் கட்டிவிட்டேன். ஆனால் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற திட்டம் 2021 டிசம்பரிலிருந்தே இருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் பணம் கட்டாமல் பார்க்கலாம். 108 ஆம்புலன்ஸில் ஏறும்போதே திட்டத்தில் உள்ள மருத்துவமனைக்குப் போகச் சொல்லிக் கேளுங்கள். எந்த மருத்துவமனையானாலும் விபத்துப் பதிவேட்டில், அவர்கள் ஏ.ஆர். என்று சொல்வார்கள், பதிந்து அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்த கிளெய்முக்கும் முதலில் கேட்பது அதைத்தான். பிள்ளை தலையில் அடிபட்டிருந்தால், வெளியே காயமே இல்லாவிட்டாலும், அடுத்த 24 மணி நேரம் கண்காணிக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், பேச்சில் குழறல் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

என் மகனின் தலைக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் ஹெல்மெட்தான். அதன் இடது காதுப் பக்கம் ரோட்டில் உராய்ந்து, பெயின்ட் போய், உள்ளே வெள்ளைத் தெர்மோகோல் வரை ஒரு கோடு தெரிந்தது. அந்தக் கோடு அவன் கன்னத்தில் விழுந்திருக்க வேண்டியது. ஆகவே பெற்றோர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன், பிள்ளைக்குப் பெரியவர்களின் ஹெல்மெட்டை மாட்டிவிடாதீர்கள். அளவு டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே, தலையின் பின்பக்கம் புடைத்த இடம் வழியாகச் சுற்றி அளந்து, அந்தச் சென்டிமீட்டருக்கு உள்ள சைஸை வாங்குங்கள். மாட்டி, பட்டியைப் போட்டு, தலையை வேகமாக ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் தலையோடு சேர்ந்து ஆட வேண்டும், தனியாகச் சுழலக் கூடாது. பின்பக்கத்திலிருந்து மேலே தூக்கினால் கழன்று முன்னால் வரக் கூடாது. தாடைப் பட்டிக்குள் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 4151 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். ஒருமுறை விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒருமுறைதான் நசுங்கிக் காப்பாற்றும்.

சட்டத்தில் நான்கு வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் ஹெல்மெட் கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவு பின்னால் உட்காருகிறவரையும் சேர்த்தே சொல்கிறது. நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2022-ல் தனி விதி வந்து, 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது: 9 மாதம் முதல் 4 வயது வரை ஹெல்மெட் வேண்டும், பிள்ளையை ஓட்டுநரோடு இணைக்கும் சேஃப்டி ஹார்னெஸ் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஹார்னெஸ் என்பது பிள்ளை மாட்டிக்கொள்ளும் சட்டை மாதிரியான ஒன்று. அதன் பட்டிகள் ஓட்டுபவரின் தோளில் மாட்டும். புடவை முந்தானையாலோ துப்பட்டாவாலோ இடுப்போடு கட்டிக்கொள்வது அதற்கு ஈடாகாது.

பிள்ளையை முன்னால் ஃபுட்போர்டில் நிறுத்திக்கொண்டு போவது நம் ஊரில் எங்கும் பார்க்கிற காட்சி. மின் ஸ்கூட்டரில் அதை அறவே விட்டுவிடுங்கள். சட்டென்று நின்றால் முகம் ஹேண்டில்பாரில் மோதும் என்பது ஒரு பக்கம். வண்டி சத்தமில்லாமல் ஆனில் இருக்கும்போது பிள்ளையின் கைக்கு எட்டுகிற முதல் பொருள் ஆக்சிலரேட்டர் என்பது அதைவிடப் பெரிய ஆபத்து. பால் வாங்க நிறுத்தி, காசு எடுக்கப் பைக்குள் கைவிடுகிற அந்த ஒரு நிமிஷத்தில் பிள்ளை விளையாட்டாக முறுக்கினால் போதும். பெட்ரோல் வண்டியில் இன்ஜின் உறுமி, கொஞ்சம் தயங்கித்தான் நகரும். மோட்டாருக்குத் தயக்கமே கிடையாது, நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை கிடைக்கும். எனவே ஒரு வரிசையைப் பழகிக்கொள்ளுங்கள்: நின்றதும் முதல் வேலை வண்டியை ஆஃப் செய்வது, பிறகு இரண்டு காலையும் ஊன்றுவது, பிள்ளை நடைபாதைப் பக்கமாக இறங்குவது, அதன் பிறகே ஸ்டாண்டு. ஏறும்போது இதே வரிசை தலைகீழ். பிள்ளை உட்கார்ந்து, ஹெல்மெட் பட்டி மாட்டிய சத்தம் கேட்ட பிறகுதான் வண்டி ஆன். சைடு ஸ்டாண்டு போட்டால் பல மாடல்களில் மோட்டார் தானாக நின்றுவிடும். சென்டர் ஸ்டாண்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைத் துடைக்கும்போது சாவி ஆனில் இருந்து, யாராவது முறுக்கினால் விரல் போய்விடும். சாவி நம் கையில் இருந்தால்தான் துடைக்கத் தொடங்க வேண்டும்.

பின்னால் உட்காரும் பிள்ளையின் பாதம் ஃபுட்ரெஸ்டில் முழுதாகப் பதிய வேண்டும். தொங்கும் கால்தான் சக்கரத்துக்குள் போகிறது, குதிகாலில் ஆழமான காயம் ஆகிறது. ஸ்கூல் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏற விடாதீர்கள். சிக்னலில் முதல் இழுப்பிலேயே பை பிள்ளையைப் பின்னுக்குச் சாய்க்கும். பையை முன்னால் ஃபுட்போர்டில் வைத்து, கொக்கியில் மாட்டுங்கள். புடவை கட்டியவர், துப்பட்டா போட்டவர் பின்னால் ஏறும்போது நுனியைச் சொருகிக்கொண்டாரா என்று ஓட்டுபவரே திரும்பிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சாரி கார்டைக் கழற்றிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

மயிலாப்பூர் மாட வீதிகள், தி.நகர் கடைத்தெரு மாதிரி இடங்களில் நடப்பவர்கள் காதை நம்பித்தான் விலகுகிறார்கள். நம் வண்டி அவர்களுக்குக் கேட்காது. மணிக்கு 15-க்குள் போய், ஆளை நெருங்குவதற்கு ஐந்தாறு மீட்டர் முன்பே ஒரு சின்ன ஹாரன் கொடுங்கள். பக்கத்தில் போய் அடித்தால் பயந்து நம் பக்கமே விழுவார்கள்.

பிள்ளைகள் எந்த வயதில் ஓட்டலாம் என்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும், 250 வாட்டுக்குக் குறைவான மோட்டார் உள்ள வண்டிக்குப் பதிவும் லைசென்ஸும் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் சில கடைகளில் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை மாற்றி நாற்பதுக்கு மேல் ஓடவைத்துத் தருகிறார்கள். அதன் பிரேக்கும் டயரும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல; சட்டப்படியும் அது அந்த நிமிஷமே பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். சிறுவர் அப்படி ஒரு வண்டியை ஓட்டி விபத்து நடந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின் கீழ் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு; பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. ஆன்லைனில் பிறந்தநாள் பரிசாக வாங்கித் தருகிறார்களே, நின்றபடி ஓட்டும் மடிப்பு ஸ்கூட்டர், அது ரோட்டுக்கே ஆகாது. சக்கரம் அவ்வளவு சின்னது. பேவர் கல் இடைவெளியிலேயே மாட்டி நின்றுவிடும், பிள்ளை ஹேண்டில்பாருக்கு மேலே போய் விழும். அடுக்ககத்தின் சமதளத்தில், கார் வந்துபோகும் சரிவுப் பாதையைத் தவிர்த்து, ஹெல்மெட்டும் முழங்கை, முழங்கால் பட்டையும் போட்டு விடுங்கள். ஏறும் முன் மடிப்பு லாக்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஒரு கால் முன், ஒரு கால் பின், முழங்கால் லேசாக மடங்கி நிற்க வேண்டும்; பிரேக் பிடிக்கும்போது உடம்பைச் சற்றுப் பின்னுக்குச் சாய்க்கக் கற்றுக்கொடுங்கள். காலால் உந்திய பிறகே மோட்டார் ஓடத் தொடங்கும் செட்டிங் இருந்தால் அதையே வையுங்கள்.

சார்ஜ் போடும் இடம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின் வண்டி தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். சென்னையின் சின்ன அடுக்ககங்களில் மீட்டர் போர்டுக்கு அருகே, மாடிப்படிக்குக் கீழேதான் பிளக் பாயின்ட் இருக்கும், வண்டியும் அங்கேதான் நிற்கும். தீப்பிடித்தால் புகை மேலேறுவதும் அந்தப் படி வழியாக, நாம் இறங்கி ஓட வேண்டியதும் அதே படி வழியாக. அடுக்ககச் சங்கத்தில் பேசி, திறந்த பார்க்கிங் சுவரில் ஒரு பாயின்ட் போடவையுங்கள்: 15 ஆம்ப் மூன்று முனை சாக்கெட், சரியான எர்த், மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக அணையும் தனி எம்சிபி, மின்கசிவு வந்தால் தானாக அணையும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். அரை மணி நேரம் சார்ஜ் ஆன பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடோ, பழுப்பேறிய பிளாஸ்டிக்கோ தெரிந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மே மாத வெயிலில் ஓட்டி வந்ததும் சொருகாமல் அரை மணி ஆறவிடுங்கள். பேட்டரியிலிருந்து சீறும் சத்தமோ, தின்னர் மாதிரியான வாடையோ, வெள்ளைப் புகையோ வந்தால் அணைக்க நிற்காதீர்கள். கைக்கு எட்டினால் மெயினை அணைத்து, எல்லாரையும் வெளியேற்றி, 101-ஐக் கூப்பிடுங்கள். அணைந்த மாதிரி தெரிந்த பேட்டரி மறுபடி பற்றிக்கொள்ளும்.

என் வண்டியின் முன் பேனல், ஹெட்லைட், டிஸ்பிளே, லீவர் எல்லாம் மாற்றியதில் எஸ்டிமேட் இருபத்திரண்டாயிரத்தைத் தொட்டது. பாதிதான் இன்சூரன்ஸில் வந்தது. பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள் என்பதை, சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர்தான் சொன்னார். டிஸ்பிளே வரவில்லை என்று சர்வீஸ் சென்டரில் வண்டி கிடந்த காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோ செலவு தனி. ஒவ்வொரு முறையும் ‘அடுத்த வாரம் மேடம்’ என்று கேட்டுக் கேட்டு அழுகையே வந்துவிட்டது. உங்கள் பாலிசியை இப்போதே எடுத்துப் பாருங்கள். புது வண்டிக்குத் தரும் 5 ஆண்டு என்பது எதிராளிக்கான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். நம் வண்டி சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். ஜீரோ டெப் என்ற கூடுதல் காப்பைச் சேர்த்தால் அந்த 50 சதவீதக் கழிவு இருக்காது. கட்டாயமாக வாங்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உரிமையாளராக ஓட்டுபவருக்குத்தான்; பின்னால் உட்காரும் பிள்ளைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

அக்டோபருக்கு முன் பார்க்க வேண்டியது பேட்டரிக்கான வெள்ளச் சேதக் காப்பு. ஐபி 67 என்று நீர்புகாமைத் தரம் எழுதியிருப்பது 1 மீட்டர் ஆழத் தேங்கிய நல்ல நீரில் 30 நிமிடம் தாங்கும் என்ற ஆய்வகச் சோதனைதான். பேட்டரிப் பெட்டிக்கு அந்தச் சான்று இருந்தாலும், சார்ஜிங் போர்ட்டுக்கும் வயர் இணைப்புகளுக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. வேளச்சேரியில் நாள்கணக்கில் தேங்கும் சாக்கடை கலந்த நீருக்கும் அந்தச் சோதனைக்கும் சம்பந்தமில்லை. தண்ணீர் சக்கரத்தின் நடு அச்சைத் தொட்டால் திரும்பிவிடுங்கள். கணேசபுரம், துரைசாமி, அரங்கநாதன் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தெரிந்தால் ஆழம் பார்க்கவே இறங்காதீர்கள். வண்டி மூழ்கிவிட்டால் ஆன் செய்து பார்ப்பதோ சார்ஜரைச் சொருகுவதோ கூடாது. தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று வண்டியோடு சேர்த்துப் போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்கு அன்றே தகவல் சொல்லி, தள்ளியோ டோ வண்டியிலோதான் சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை வீட்டுச் சுவரிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் தள்ளி, திறந்த வெளியில் நிறுத்துங்கள். உள்ளே தண்ணீர் புகுந்த பேட்டரி சில நாள் கழித்தும் சூடேறித் தீப்பிடிக்கலாம்.